பட்டியல் சுருங்கினால் ஆழமும் சுருங்குமா?

மாஸ் எஃபெக்ட் 2 வீடியோ விளையாட்டு வெளிவந்தது 2010 ஜனவரியில். அன்று கிளம்பிய புகார் இன்றும் ஓயவில்லை. பயோவேர் நிறுவனம் முதல் பாகத்தின் ஆயுதக் குவியலைத் தூக்கி எறிந்துவிட்டதாம். ஆராய்ச்சி என்ற பெயரில் கிரகம் தோண்டும் வேலையைத் தலையில் கட்டிவிட்டதாம். மிஞ்சியது வெறும் சுடும் விளையாட்டாம். இதில் கால்வாசிதான் உண்மை.

அந்தக் குவியல் எப்படி இருந்தது? 2007-இல் வந்த முதல் பாகத்தில் ஒரே துப்பாக்கி ஒன்று முதல் பத்து வரை எண் மாறி மாறி வரும். பையில் 150 பொருள் சேர்ந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆம்னி-ஜெல் என்ற பொதுப் பொருளாக மாற்ற வேண்டும். ஏழாம் எண் கிடைத்ததும் ஆறாம் எண்ணைக் கழிப்பதற்கு யோசனை எதற்கு? தோட்டா வகைகளில் மட்டும் கொஞ்சம் தேர்வு இருந்தது, அதை மறுக்கவில்லை.

“இரண்டாம் பாகத்தின் ஆராய்ச்சி வெறும் சதவீதக் கணக்கு” என்பது அடுத்த வாதம். துப்பாக்கிகளைப் பொறுத்தவரை சரிதான். பத்துப் பத்து சதவீதமாகத்தான் சேதம் ஏறுகிறது. ஆனால் இப்படிச் சொல்பவர்கள் கப்பலை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கப்பலான நார்மண்டிக்குக் கனமான கவசம் போடலாம் என்பவர் தோழர்களில் ஒருவரான ஜேக்கப். தடுப்புக் கேடயத்தை வலுப்படுத்தும் யோசனை டாலியுடையது. தானிக்ஸ் பீரங்கியைப் பற்றிப் பேச்செடுப்பவர் கேரஸ். அவர்களிடம் போய்ப் பேசாவிட்டால் அந்த மேம்பாடுகள் ஆய்வகப் பட்டியலுக்கே வராது. பேசிய பிறகும் கனிமம் சேர்த்து முடிக்காமல் இறுதிப் பயணம் கிளம்பினால், எதிரியின் தளத்தை அடைவதற்குள்ளேயே சாவு தொடங்கிவிடும். கவசம் இல்லையென்றால் போவது ஜாக் என்ற தோழர். கேடயம் இல்லையென்றால் ஒருவர், பீரங்கி இல்லையென்றால் இன்னொருவர். அறிவியல் புனைவு ஆர்.பி.ஜி.க்களில் மேம்பாட்டுப் பட்டியலைத் தோழர்களின் உயிரோடு இவ்வளவு நேரடியாகக் கட்டியவை மிகக் குறைவு. அந்தப் பட்டியலில் எதையாவது அலட்சியமாக விட்டவருக்கு அது எண் விளையாட்டாகத் தோன்றியிருக்காது.

கிரகத்தை ஸ்கேன் செய்வது சலிப்பு என்கிறார்களே, அதுதான் அந்தக் கால்வாசி உண்மை. பந்தைச் சுற்றிச் சுற்றி இரிடியத்தையும் பல்லேடியத்தையும் தேடுவதில் ஒரு சுவையும் இல்லை. ஆனால் வளமானவை என்று விளையாட்டே சொல்லும் கிரகங்களில் மட்டும் ஆய்வுக்கலம் இறக்கினால் தேவைக்குப் போதும். வற்றும்வரை ஒவ்வொரு கிரகத்தையும் சுரண்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்டின் முகத் தழும்பை நீக்க 50,000 அலகு பிளாட்டினம் கேட்கும் மருத்துவ அறை மேம்பாடு மட்டும் கொஞ்சம் அநியாயம். அழகுக்குச் செலவு அதிகம்தான்.

“அப்படியானால் அமைப்புகளைக் கூட்டினால் ஆழம் கூடுமே” என்பார்கள். கூட்டிப் பார்த்தார்களே! 2017-இல் வந்த மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடாவில் மூன்று வகை ஆய்வுப் புள்ளிகள் உண்டு. புள்ளியைச் செலவழித்து வரைபடம் பெற வேண்டும், பிறகு கனிமம் சேர்த்து அதைத் தயாரிக்க வேண்டும். பட்டியல் நீண்டது. ஆனால் அதில் எதைத் தொடாமல் விட்டாலும் தோழர் ஒருவரும் சாவதில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால், கப்பல் மேம்பாடுகள் மூன்றையும் விட்டுவிட்டு எதிரியின் தளத்துக்கு வழிவிடும் ஒமேகா-4 ரிலேயைக் கடந்து பாருங்கள். அதற்கு முன் ஒரு சேவ் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.