விழும் தேங்காய்க்கு எடை உண்டா?

1956 நவம்பரில் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்துசெல்பவர் எவரும், மொழி இவ்விடத்தில் மாறுகிறது என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. அப்பகுதி ஆசிரியர் ஒருவர் விடுத்த வினாவே இக்குறிப்பிற்குக் காரணம். விழும் பொருளின் வேகம் நொடிதோறும் 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போனால், அஃது ஒளியையும் முந்திவிடாதா என்று மாணவன் கேட்டானாம்.

மாணவனின் கணக்கில் பிழையில்லை. 354 நாட்களில் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வந்துவிடும். அத்துணை தொலைவு சீராக நிற்கும் ஈர்ப்புப் புலம் எங்கும் இல்லை என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம், அது விடையாகாது. தடையின்றி விழுபவன் தன் எடையை உணரான் என்று 1907-இல் ஐன்ஸ்டைன் கண்டார். எனவே தேங்காயைச் சும்மா இருப்பதாகவும், தரையே அதனை நோக்கி முடுக்கப்படுவதாகவும் கொள்க. தரையின்மீதுள்ள உந்துதல் சற்றும் குறைவதில்லை. எனினும் தேங்காயின் கணக்கில் 354 நாட்கள் கழிந்தபின் தரையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,12,000 கிலோமீட்டரே. எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அது 3 இலட்சத்தை எட்டாது.

இதனைக் கற்பிக்கையில் இடர் தருவது கணிதமன்று, சொல்லே. பொருளின் அளவையும் அதன்மீதுள்ள ஈர்ப்பையும் மலையாளத்தில் முறையே பிண்டம், பாரம் என்பர். தமிழகப் பாடநூல்களில் அவை நிறை, எடை. இலங்கையிலோ திணிவு, நிறை! விழும் தேங்காய்க்கு நிறையில்லை என்று எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவன் சரியாகவே கொள்வான். நாகர்கோயில் மாணவன் தேங்காயே மறைந்துவிட்டதென எண்ணுவான். பிண்டம் என்றாலோ தமிழ்ச் சிறுவனுக்கு நீத்தாருக்கு இடும் சோற்றுருண்டையே நினைவிற்கு வரும். மொழிபெயர்ப்பில் இவ்வழுக்கு நிலத்தில் நானும் சறுக்கியதுண்டு.

எல்லோருக்கும் ஒரே சொல்லை விதித்துவிடலாம் என்பார் உளர். அதனை நான் ஏற்கவில்லை. எல்லையூர் வகுப்பில் இருவகைச் சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவதே நேர்மை. சூத்திரத்திற்கு முன்னரே எடையின்மையைக் காட்டிவிடவும் வேண்டும். அடியில் துளையிட்ட தகரக் குவளையில் நீர் நிரப்பி மாடியிலிருந்து விட்டால் போதும். கையில் இருக்கும்வரை ஒழுகிய நீர், விழும்போது ஒழுகுவதில்லை. நீர் குறையவில்லை, பின் எது இல்லாமற் போயிற்று என்று மாணவனையே கேட்டு, விடையை அவன் வீட்டுச் சொல்லிலேயே எழுதச் செய்க.