குரங்கும் ஒரு விதைப்பாளன்

மரவள்ளியையும் தென்னங்குரும்பையையும் குரங்கு அழிக்கிறது என்று மீள்குடியேறிய குடும்பங்கள் முறையிடுவது நியாயமே. ஒரு போக விளைச்சலை நம்பியிருப்பவர்களுக்குப் பொறுமையை மட்டும் போதிப்பது தர்மமாகாது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தபோது விவசாயிகள் பலர் அதை வரவேற்றதும் இதனாலேயே.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். இலங்கைக்கே உரிய செங்குரங்கு, பழங்களைக் கொடுப்புப் பைகளில் அடக்கிக்கொண்டு வேறிடம் போய்த் தின்கிறது. பெரிய விதைகளை அங்கே துப்பிவிடுகிறது. ஆல், அத்தி போன்றவற்றின் சிறு விதைகள் எச்சத்தோடு விழுகின்றன. தாய்மரத்தின் கீழே குவியும் விதைகளில் பெரும்பகுதியைப் பூச்சிகளும் எலிகளும் தின்றுவிடும். தப்பி முளைப்பவற்றை நிழல் வளரவிடாது. தூர விழும் விதைக்கே வாழ்வு அதிகம். இப்படி வளரும் காடுதான் குளத்துக்கு மேலே மண்ணைப் பிடித்து வைக்கிறது. குளம் தூர்ந்தால் வயலும் இல்லை.

எனவே தோட்டத்துக்குக் காவல் வேண்டும். அதை ஊர் கூடி முறைவைத்துச் செய்வோம். காணி துப்புரவாக்கும்போது, குளத்தின் மேற்காட்டில் நிற்கும் பாலை, நாவல், அத்தி மரங்களில் கத்தி வைக்காதிருப்போம். கூலி கேளாமல் விதைப்பவனுக்கு அங்கேயே உணவும் கிடைக்கட்டும்.