அடிக்கணக்கும் கற்கணக்கும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்வந்தவர்கள் முதலில் சொல்வது அடிக்கணக்கைத்தான். தஞ்சை விமானத்தைவிட இது எவ்வளவு தாழ்வு, தகப்பனைவிட மகன் ஏன் உயரத்தைக் குறைத்தான் என்று விவாதம் நீளும். சிற்பங்களைப் பற்றிக் கேட்டால் 'அருமையான அலங்காரம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த 'அலங்காரம்' என்ற சொல்லோடுதான் நமக்குச் சண்டை.

அலங்காரம் என்றால் கழற்றி வைக்கக்கூடியது. வடக்கு வாயிலருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியைக் கழற்றிப் பாருங்கள். உமையோடு அமர்ந்த சிவன், சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். கைகூப்பிப் பணிந்திருக்கும் அந்த அடியவரில், கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திரனையே கண்ட ஆய்வாளர்கள் உண்டு. அரசன் தன் வெற்றியை அருளாக எழுதிக்கொண்ட இடம் என்பது அவர்கள் வாசிப்பு. அச்சிற்பம் இல்லையென்றால் அந்த வாசிப்புக்கே வழியில்லை.

வடக்கே மொகலாயர் கல்வேலையும் இப்படித்தான். தாஜ்மகாலின் சுவரடியில் பளிங்கில் புடைத்து நிற்கும் பூச்செடிகள் வெறும் பூவேலை அல்ல. எதிரே நான்காகப் பகுத்து அமைத்த தோட்டத்தை, வாடாத தோட்டமாகக் கல்லறை வரை கொண்டுவருபவை அவை. சொர்க்கம் என்ற சொல்லை அங்கே உளியும் எழுதியிருக்கிறது.

இதை வாசிக்காத கண் என்ன செய்யும்? 1828 முதல் 1835 வரை ஆண்ட பென்டிங்க் காலத்தில் ஆக்ரா கோட்டைப் பளிங்கு ஏலம் போனது. 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்குக் கல் வேண்டியிருந்தபோது, கங்கைகொண்ட சோழபுரத்தின் சுற்றுமதில் பெயர்க்கப்பட்டது. அணை வயலுக்கு நீர் தந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பொறியாளர் கண்ணுக்குக் கோயில், கைக்கெட்டிய கற்குவாரியாகவே தெரிந்திருக்கிறது.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு உறங்கப் போவது எளிது. கல்லை எண்ணிய அவன் கண்ணும், அடியை எண்ணும் நம் கண்ணும் உடன்பிறந்தவை. இன்றும் அரியலூர், பெரம்பலூர் என்றால் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல், ஜல்லிக்குக் கருங்கல் என்று டன் கணக்கில்தான் பேசுகிறோம். 2004இல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்லும் நாம், அதன் சுவரில் ஒரே ஒரு கோட்டத்தின் முன்னாவது நின்று வாசித்திருக்கிறோமா?

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். விமானத்தின் உயரத்தைச் சொல்லுமுன், சண்டேசர் எதிரே அவர்களைக் கால்மணி நேரம் உட்காரவையுங்கள். வாசிக்கப் பழகியவன், பெயர்க்க வருபவனைக் கேள்வியாவது கேட்பான்.