துப்பாக்கி ட்ரிகரை இளக்கலாமா?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி, 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்ற செய்தி வந்தபோது, ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்த வீட்டுப் பிள்ளை ஜெயித்த சந்தோஷம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் பெண் இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கியபோதே நம்மவர் வீடுகளில் இந்த ஆசை முளைத்துவிட்டது. இப்போது மகாராஷ்டிரத்தில் உள்ள நம் சங்கக் குடும்பங்களிலும் கிரிக்கெட் மட்டையை வைத்துவிட்டு ரைபிளைத் தூக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆனால் இதோடு ஒரு கவலையும் வந்திருக்கிறது. ஏர் ரைபிளில் ஓரிரு வருடம் பழகிய பிள்ளை, .22 ரைபிளுக்கு மாறுகிறது. கிளப்பில் இருப்பதோ, யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ரைபிளோ கைக்கு வருகிறது. நான்கு வாரத்தில் வீட்டில் ஒரு புகார்: "ட்ரிகர் ரொம்ப கனமா இருக்குப்பா." உடனே தகப்பனார் என்னைப் போன்ற ஆளைத் தேடி வருகிறார். "சார், நீங்க ரயில்வேல இன்ஜினியரா இருந்தவங்க. உள்ள ஒரு ஸ்பிரிங்தானே? கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுத்தா பையன் மார்க் ஏறிடும்!"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். நான் தொட மாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். ட்ரிகரை இளக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. இளக்குவதற்கென்றே செய்த ட்ரிகரை, உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவர் இளக்கலாம். அதுவும் பிள்ளையின் விரல் பழகிய பிறகு. சாதாரண ரைபிளை வீட்டு மேஜையில் வைத்து ஸ்பிரிங்கை வெட்டுவதும், அரத்தைப் போடுவதும் கூடவே கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதாவது நம் சட்டைப் பொத்தான் அளவு. ரைபிளில் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா நடுவிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளிப் போவதற்கு, முன் குறி எவ்வளவு நகர்ந்தால் போதும்? கணக்குப் போட்டால் 0.08 மில்லிமீட்டர் வருகிறது. ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை! மூன்று கிலோ எடையுள்ள ரைபிளில், இரண்டு கிலோ பலம் கொடுத்தால்தான் ட்ரிகர் விடுபடும் என்றால், அந்த இழுப்பிலேயே ரைபிள் காகிதக் கனத்துக்கு அசையாமல் இருக்குமா? இருக்காது. ஆகவே லேசான ட்ரிகர் வேண்டும் என்று பிள்ளை கேட்பதில் தவறே இல்லை.

அப்படியானால் என்ன சிக்கல்? உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் புரியும். போல்ட்டை அடைத்ததும், தோட்டாவை அடிக்கும் ஊசி ஒரு பலமான ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பாயத் தயாராக நிற்கிறது. அதைப் பாயவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு எஃகுப் படி. 'சியர்' என்பார்கள். ட்ரிகரை இழுக்கும்போது அந்தப் படி விலகுகிறது, ஊசி பாய்கிறது. விரலுக்குத் தெரியும் கனம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, படியும் ஊசியும் ஒன்றையொன்று உராய்வது. மற்றொன்று, அந்தப் படியை மறுபடி அதன் இடத்துக்கே தள்ளும் சிறிய ஸ்பிரிங்.

வீட்டு வைத்தியர்கள் கை வைப்பது இந்த இரண்டில்தான். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுவார்கள். அல்லது படியின் பிடிப்பை அரத்தால் குறைப்பார்கள். இரண்டிலும் விரலுக்கு உடனே லேசாகத் தெரியும். பையனும் மகிழ்ந்து போவான். ஆனால் பல ரைபிள்களில் அந்தப் படியின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. அரம் அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. நூறு முறை நன்றாக வேலை செய்யும். தேயத் தேயக் கோணம் மாறும். ஒரு நாள் போல்ட்டை வேகமாக அடைக்கும்போதே, விரல் ட்ரிகருக்குப் போகும் முன்பே, வெடிக்கும். அப்போது குழல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? .22 தோட்டா சிறியதுதான். ஆனால் தடையில்லாவிட்டால் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடியது. பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டுக்கொண்டிருப்பதும் நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய கைகாட்டி சிக்னல்களைப் பார்த்திருப்பீர்கள். கேபினில் லீவரை இழுத்தால், கம்பி பல நூறு மீட்டர் ஓடிக் கையை இறக்கும். அந்தக் கம்பத்தில் ஒரு எடைக்கட்டை இருக்கும். லீவர் இழுப்பவர்களுக்கு அதன் மேல் எப்போதும் கோபம். "இந்தக் கட்டையைக் கொஞ்சம் குறைச்சா என்ன சார், தோள்பட்டை போகுது" என்பார்கள். ஆனால் அந்தக் கட்டை அங்கே இருப்பது லீவர்மேனைப் படுத்துவதற்கு அல்ல. கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்ப வேண்டுமே, அதற்காக. கட்டையைக் குறைத்தால் லீவர் லேசாகும்; ஆனால் என்றோ ஒரு நாள் கை பாதியில் தொங்கும், பின்னால் வண்டி வரும். ஆகவே நாங்கள் கட்டையைத் தொட மாட்டோம். கப்பிகளைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவோம். எங்கே கம்பி உரசுகிறது என்று நடந்து போய்ப் பார்ப்போம். வளைந்த குச்சியை நிமிர்த்துவோம். பாதிக் கனம் அதிலேயே போய்விடும்.

ட்ரிகரின் சிறிய ஸ்பிரிங்கும் அந்த எடைக்கட்டை மாதிரிதான். அது வெறும் எதிர்ப்பு அல்ல; படியைப் பத்திரமாக அதன் இடத்துக்குத் திருப்பும் காவல்காரன். உராய்வைக் குறைப்பது வேறு, காவலைக் குறைப்பது வேறு.

"உலக சாம்பியன்கள் நூறு கிராம் ட்ரிகரில் சுடுகிறார்களே?" என்று கேட்பார்கள். உண்மைதான். சர்வதேச விதிகளில் 50 மீட்டர் ரைபிளுக்கு ட்ரிகர் கனத்தில் கீழ்வரம்பு கிடையாது. பிஸ்டலுக்குத்தான் உண்டு. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டிக்கு விடுவார்கள். ஆனால் அன்ஷுட்ஸ், வால்தர் போன்ற போட்டி ரைபிள்களின் ட்ரிகர் வேறு ஜாதி. அவற்றில் ஊசியின் பலத்தை ஒரே படி தாங்குவதில்லை. இரண்டு மூன்று நெம்புகோல்கள் வரிசையாக நின்று, பல கிலோ பலத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசிப் படிக்கு மிகச் சிறிய பாரத்தையே விடுகின்றன. அதனால் அந்தக் கடைசிப் படி நூறு கிராமில் விலகினாலும், மற்ற நேரத்தில் உறுதியாக நிற்கிறது. திருகாணிகளால் அளந்து திருத்துவதற்கும் இடம் வைத்தே செய்திருக்கிறார்கள். சாதாரண ரைபிளில் மொத்தப் பாரமும் ஒரே படியின் மேல். அதை நூறு கிராமுக்குக் கொண்டுவர வேண்டுமானால் நூலிழைப் பிடிப்பில்தான் நிறுத்த வேண்டும். மாட்டு வண்டிக்கு எக்ஸ்பிரஸ் சக்கரம் மாட்டுகிற கதை!

இன்னொரு விஷயம். கனம் என்று பிள்ளை சொல்வது பல சமயம் கனமே அல்ல. ட்ரிகர் விடுபடுமுன் மணலில் இழுப்பது போல நறநறவென்று நகரும்; எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாது. அதைத்தான் 'கனம்' என்கிறார்கள். சுத்தமாக, கண்ணாடிக் குச்சி முறிவது போல விடுபடும் ட்ரிகர், எடையில் சற்றுக் கூடுதலானாலும் விரலுக்கு லேசாகவே தோன்றும். பழைய ரைபிளில் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். கிளப் ஆர்மரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, ரைபிளின் கட்டை பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரியவருக்கு அளவெடுத்த கட்டையைப் பதின்மூன்று வயதுப் பெண் பிடித்தால், விரலின் நுனி மட்டுமே ட்ரிகரை எட்டும். அப்போது இழுப்பு நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் போகும். குண்டும் பக்கவாட்டில் போகும். இதற்கு ஸ்பிரிங் என்ன பாவம் செய்தது? கட்டையின் நீளத்தைத் திருத்துங்கள். ட்ரிகரை முன்பின் நகர்த்தும் வசதி இருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள்.

பிறகு பயிற்சி. தோட்டா விலை நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். தோட்டாவே இல்லாமல் செய்யும் வெறும் பயிற்சிக்குச் செலவில்லை. பயிற்சியாளர் முன்னிலையில், அறை காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுக்கப் பழகச் சொல்லுங்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. .22இல் ஊசி தோட்டாவின் விளிம்பை அடிக்கும். அதனால் சில ரைபிள்களில் காலி அறையில் ஊசியைப் பாயவிட்டால் அறையின் விளிம்பு நசுங்கும். ஆகவே உங்கள் ரைபிளுக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சில போட்டி ரைபிள்களில் இந்தப் பயிற்சிக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

கனமான ட்ரிகரில் ஒழுங்காக அழுத்தக் கற்ற விரல், லேசான ட்ரிகரில் அரசனைப் போலச் சுடும். ஆரம்பத்திலேயே மிக லேசான ட்ரிகரைக் கொடுத்தால், குறி நிலைக்கும் முன்பே குண்டு போய்விடும். "எப்போது போகுமோ" என்ற பயத்தில் பிள்ளை விரலை ட்ரிகரில் வைக்கவே தயங்கும், தோளைச் சுருக்கும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் எடுப்பதற்கு வருடங்கள் ஆகும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். .22 ரைபிள் உரிமம் தேவைப்படும் ஆயுதம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. வெளி மாநிலத்தில் வந்து பிழைக்கும் நாம், பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக அந்தச் சிக்கலில் போய் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

நம் பெற்றோருக்கு அவசரம் ஏன் என்று எனக்குப் புரிகிறது. ஊரை விட்டு வந்தவர்கள் நாம். இங்கே நம்மைத் தூக்கிவிடச் சொந்தமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. பிள்ளை தன் திறமையால்தான் ஏற வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு ரயில்வே வேலை கிடைத்தால் குடும்பமே நிமிரும். அதனால் மார்க் ஒன்று குறைந்தால் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் ஏணியின் படியை நாமே அறுத்துவிட்டு, பிள்ளையை ஏறச் சொல்லலாமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரயில்வேயில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவேடு உண்டு. யார் எப்போது சோதித்தார், என்ன அளவு, கையெழுத்து. அதே முறையை நம் பிள்ளைகள் பழகும் கிளப்புகளில் கொண்டுவரச் சொல்லிக் கேட்போம். தேவை ஒரு கொக்கியும் சில எடைக்கற்களும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். மாதம் ஒரு முறை ஒவ்வொரு ரைபிளின் ட்ரிகர் கனத்தையும் ஆர்மரர் அளந்து எழுதட்டும். காலி அறையில் போல்ட்டை வேகமாக அடைத்து, படி நழுவுகிறதா என்றும் பார்க்கட்டும். போன மாதத்தைவிட அளவு குறைந்திருந்தால், காரணம் தெரியும்வரை அந்த ரைபிள் அலமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. நம் சங்கத்தின் விளையாட்டுக் குழு கிளப் நிர்வாகிகளிடம் இதைப் பேசினால், எடைக்கற்களை வாங்கிக் கொடுக்கவும் அளக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கவும் நான் தயார். ஸ்பிரிங்கை வெட்டித் தரச் சொல்லி மட்டும் யாரும் வர வேண்டாம்.