திருத்தம் தெரியும் பக்கம்

ஆண்டு முடிவில் பழைய பேப்பர் கடைக்குச் செல்லும் கட்டுகளில் கட்டுரை ஏடுகளும் இருக்கும். ஓராண்டு முழுவதும் மாணவர் எழுதியவற்றை ஆசிரியர் ஒருவரே படித்திருப்பார். சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் இட்டிருப்பார். அத்துடன் அவ்வெழுத்தின் வாழ்வு முடிந்துவிடுகிறது. தம் எழுத்தைப் பிறரும் படிப்பர் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப் பழகியவரிடம் பொறுப்பான எழுத்தை எப்படி எதிர்பார்ப்பது? மேனிலை வகுப்புகளில் வலைப்பூவும் விக்கியும் இடம்பெற வேண்டும் என நான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. வலைப்பூ ஒருவரது குரல். எழுதியவர் பெயரோடு நாள் வரிசையில் நிற்பது. விக்கியோ பலர் கூடி எழுதித் திருத்தும் பக்கம். வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1995ஆம் ஆண்டு முதல் விக்கியை இணையத்தில் வெளியிட்டார். ‘விரைவு’ எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லே ‘விக்கி’. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ஒரு பேருந்தின் பெயரிலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார். விக்கிப்பீடியா 2001இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003இலும் தொடங்கின. தமிழ்ப் பதிப்பை வளர்த்தவர்களில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் முன்னோடி. 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின.

பெயர் விரைவைக் குறித்தாலும், வகுப்பறைக்கு அதன் பயன் விரைவில் இல்லை. விக்கியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘வரலாறு’ என்றொரு பகுதி உண்டு. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை நீக்கி எதைச் சேர்த்தார் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். ஏன் மாற்றினோம் என்று வாதிடத் தனியே ஓர் உரையாடல் பக்கமும் உண்டு. நமக்கு இது முற்றிலும் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களை அடிக்குறிப்பில் காட்டினார். தாம் ஏற்காத பாடத்தையும் படிப்பவர் கண்முன் வைத்த நேர்மை அது. அவர் பெயரால் 1943இல் அமைந்த நூலகம் சென்னை பெசன்ட் நகரில் இன்றும் ஏட்டுச்சுவடிகளைக் காத்து வருகிறது. அடையாற்றுப் பகுதி மாணவர்கள் ஒருமுறையேனும் அங்குச் சென்று வருவது நல்லது.

ஒரு பயிற்சியை எண்ணிப் பாருங்கள். பதினோராம் வகுப்பு மாணவர்கள் தியாகராய நகரைப் பற்றிப் பொதுப் பக்கம் ஒன்றை எழுதுகின்றனர். பி. தியாகராய செட்டியார் பெயரைத் தாங்கிய ஊர், பனகல் பூங்கா, பாண்டி பஜார் என எளிதாகத் தொடங்கிவிடலாம். ‘அதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது?’ என்று ஒருவர் கேட்டதும் எழுத்து கடினமாகிறது. அங்கே நீண்டு கிடந்த ஏரி ஒன்று 1920களில் வற்றவைக்கப்பட்டு மனைகளாயிற்று. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ என்ற சாலைப் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏரியின் எல்லை எதுவரை? பணி எந்த ஆண்டில் தொடங்கியது? ஒருவர் ஓர் ஆண்டை எழுதுவார். மற்றவர் அதை மாற்றுவார். சான்றைக் காட்டாமல் இருவருக்கும் மேலே நகர வழியில்லை. இது பழங்கதை ஆராய்ச்சியும் அன்று. 2021 நவம்பர் மழையில் அப்பகுதித் தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. அதன் காரணங்களைத் தேடுபவர் அந்த ஏரியையும் கேட்டாக வேண்டும்.

இனி, ஒரு மாணவியின் பாட்டி தாம் சிறுமியாக இருந்த காலத்து மழைநீரைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விக்கிப்பீடியா அதை ஏற்காது. வெளியிடப்பட்ட சான்று வேண்டும் என்னும். அதில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. நம் ஊர்களின் அறிவில் பெரும்பகுதி அச்சேறாதது. ஆனால் விதியைத் தளர்த்தினால் வதந்தியும் உள்ளே வரும். ஆகவே, பாட்டியின் சொற்களை அம்மாணவி தம் வலைப்பூவில், ‘என் பாட்டி கூறியது’ என்று தெளிவாகக் குறித்து எழுதட்டும். நினைவு எது, நிறுவப்பட்டது எது எனப் பிரித்தறியும் பழக்கம் அவ்விரு பக்கங்களுக்கு இடையே நடந்து பழகும்போது கைவருகிறது.

தடைகள் இல்லாமல் இல்லை. தாயும் பிள்ளைகளும் ஒரே கைப்பேசியைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் பல. எனவே கணினிப் பணி முழுவதும் பள்ளியிலேயே நடைபெற வேண்டும். மாணவரின் முழுப்பெயர், ஒளிப்படம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எங்கும் இடம்பெறக் கூடாது. முதல் ஆண்டில் பள்ளிக்குள் மட்டும் திறக்கும் விக்கியே போதும்.

பலர் எழுதிய பக்கத்துக்கு யாருக்கு மதிப்பெண் என்பதுதான் ஆசிரியர்கள் எழுப்பும் கடினமான வினா. முடிந்த பக்கத்துக்கு மதிப்பெண் இட வேண்டாம். அதன் வரலாற்றைத் திறந்து, ஒவ்வொருவர் செய்த மாற்றத்துக்கும் இடலாம். ஆசிரியருக்கு வேலை கூடும், மறுக்கவில்லை. ஆயினும், மாம்பலம் ஏரியைப் பற்றி ஒரே வரி எழுதி அதற்கு மூன்று நூல்களில் சான்று தேடிய மாணவருக்கு, எங்கிருந்தோ மூன்று பக்கங்களைப் படியெடுத்தவரைவிட நான் கூடுதலாகவே இடுவேன்.