விசா விலக்கும் கிள்ளான் கடைத்தெருவும்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இன்றி மலேசியாவுக்கு வந்து 30 நாள்வரை தங்கலாம். இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. விசாக் கட்டணத்தை அரசு இழக்கிறதே என்பர் சிலர். ஆனால், வெளிநாட்டுப் பயணி தங்கும் விடுதி அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. உணவு, டாக்சி, துணிமணி எனச் செலவு வேறு. ஆகவே, விலக்கு நல்ல முடிவே.

பலன் எல்லாருக்கும் எட்டுவதுதான் கடினம். கேஎல் சென்ட்ரலில் இறங்குபவர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடந்தே போய்விடலாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் புடவைக் கடைகளுக்கோ கொமுட்டர் இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இரயில் இருக்கிறது; புதிதாக வருபவருக்கு அதை யார் சொல்வது? சென்ட்ரல் நிலையத்திலேயே கிள்ளானுக்கு வழிகாட்டும் தமிழ்ப் பலகை ஒன்றை வைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.