முதல் அத்தியாயத்தைத் திருத்தலாமா?

"நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். நம்மில் பலர் வாயை மூடிக்கொண்டு விடுகிறோம். இறால் பண்ணைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதற்குப் பயந்து நான் பேசாமல் இருக்கப் போவதில்லை.

உப்பங்கழி தரிசு நிலமல்ல. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற அந்தச் சதுப்பில்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு அதுதான் வயல். அதன் ஓரத்தில் குட்டை வெட்டி, உப்பு நீரை இறைத்து நிரப்பி, இறாலை நெருக்கமாக விட்டுத் தீவனம் போடுகிறார்கள். மிஞ்சிய தீவனமும் இறாலின் கழிவும் அடியில் அழுகி அம்மோனியாவாகின்றன. குட்டையைத் திறந்துவிட்டால் அத்தனையும் கழிக்குப் போகிறது. குட்டையின் உப்போ மண்ணில் இறங்கி, பக்கத்து ஊர்க் கிணற்றைத் தேடிப் போகிறது. டாலர் ஒருவர் பெட்டிக்கு. உப்புத் தண்ணீர் இன்னொருவர் குடத்துக்கு!

"பண்ணைக்காரர் பிழைப்பில் மண் போடலாமா?" என்று கேட்பார்கள். ஒருவர் வெளியேற்றும் கழிவுநீரைத்தான் அடுத்த பண்ணைக்காரர் பம்பு வைத்து இறைக்கிறார். தொண்ணூறுகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாக இறால் செத்தபோது, அவர்கள் பிழைப்பில் மண் போட்டது யார்?

சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கடற்கரையைக் காக்க 1991-ல் அறிவித்த எல்லைக்குள் இறால் குட்டைகள் கூடாது. பழவேற்காடு ஏரிக்கும் சிலிகா ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள்ளும் கூடாது. பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்குத் தடையில்லை. இந்தத் தொழிலின் வருமானத்தைவிட அது செய்யும் சேதமே பெரிது என்றும் கோர்ட்டு கண்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2005-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பதிவு வேண்டும், இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. கூடவே, 1991 அறிவிப்பின் தடைகள் கடலோர நீர்ப்பண்ணைகளுக்குப் பொருந்தா என்று ஒரு வரியும் உண்டு. வரியைச் சேர்த்தது 2005-ல். ஆனால் 1991 பிப்ரவரி 19 முதலே அது அங்கே இருந்ததாகக் கொள்ள வேண்டுமாம்!

நான் கதை எழுதுகிறவன். முப்பதாவது அத்தியாயத்தில் முடிச்சு விழுந்துவிட்டால், முதல் அத்தியாயத்துக்குப் போய், அதில் இல்லாததை இருந்ததாகச் சாதிக்க எனக்கு உரிமை கிடையாது. நீங்கள் விடமாட்டீர்கள், மறு தபாலிலேயே காய்ச்சி எடுத்துவிடுவீர்கள். கற்பனைக் கதைக்கு உள்ள கட்டுப்பாடுகூட ஒரு தேசத்தின் சட்டத்துக்கு வேண்டாமா?

2023-ல் மறுபடியும் திருத்தினார்கள். சட்டத்தை மீறினால் சிறை என்று இருந்ததும் போயிற்று. சிறைக்குப் பதில் அபராதம் என்றாயிற்று.

இறால் வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவுநீரைத் தேக்கி, தெளியவைத்து, சுத்தம் செய்த பிறகு வெளியே விடட்டும். அந்தச் செலவு இறாலின் விலையில் ஏறட்டும். ஏழையின் குடத்தில் ஏற வேண்டாம்.

காகிதத்தில் 1991-க்குத் திரும்பிப் போய் ஒரு வரியைச் சேர்க்க முடிந்தது. உப்பாகிப் போன ஒரு கிணற்றை அதே போல் 1991-க்குத் திருப்பிக் கொண்டுபோக எந்தப் பார்லிமெண்டால் முடியும்?